உங்கள் வாசலில் நின்று பார்த்தால் எப்படித் தெரியும் என்று கேளுங்கள்

வந்த கேள்வி இது: "எங்கள் ஊரைச் சுற்றி நான்கு வழிப் புறவழிச்சாலை வரப்போகிறது. கருத்துக்கேட்புக் கூட்டத்தில் மூன்று நிமிட 3டி வீடியோ போட்டுக் காட்டினார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. இந்த வீடியோவுக்கும் நிஜத்தில் கட்டப்போகும் சாலைக்கும் சம்பந்தம் உண்டா? பொறியாளர்கள் இதை வேலைக்கும் பயன்படுத்துகிறார்களா, இல்லை ஊர்க்காரர்களைச் சமாதானப்படுத்த மட்டும்தானா?"

நான் இருபது வருடங்களுக்கு மேல் சாலை வடிவமைப்பில் இருக்கிறேன். சம்பந்தம் முழுமையாகவும் இருக்கலாம், துளிகூட இல்லாமலும் போகலாம். வீடியோவை மட்டும் பார்த்து அதைக் கண்டுபிடிக்க எங்களைப் போன்றவர்களாலேயே முடியாது. அது எதிலிருந்து எடுக்கப்பட்டது, கேமரா யாருடைய கண் உயரத்தில் நின்றது என்ற இரண்டையும் கேட்டால் பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்வோம். சாலையை வடிவமைக்க இப்போது சிவில் 3டி, ஓபன்ரோட்ஸ் போன்ற மென்பொருட்களில் ஒரு மாடல் தயார் செய்கிறோம். தரை லெவல், சாலை லெவல், வளைவு, சாய்வு, கரை, வடிகால், பாலம் எல்லாம் அளவோடு அதற்குள் இருக்கும். அந்த மாடலையே எடுத்து, மேலே தார் நிறமும் புல்லும் வெளிச்சமும் ஏற்றிப் படமாக்கினால் அது வடிவமைப்பின் படம். மாடலில் சாலையை அரை மீட்டர் உயர்த்தினால் படத்திலும் அரை மீட்டர் உயரும். இன்னொரு வகை, வடிவமைப்பு முடிவதற்கு முன்பே ஒரு கிராஃபிக்ஸ் ஸ்டூடியோவிடம் செயற்கைக்கோள் படத்தைக் கொடுத்து, அதன்மேல் ஒரு நல்ல சாலையை வரையச் சொல்வது. இரண்டும் திரையில் ஒன்றுபோலவே தெரியும். பல நேரம் இரண்டாவதுதான் அழகாகவும் இருக்கும்.

எங்களுக்கு ஏன் இந்தப் படம் தேவைப்படுகிறது என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வெளியே யாரும் அதைப் பேசுவதில்லை.

சாலையைக் காகிதத்தில் மூன்று துண்டாகப் பிரித்துத்தான் வரைகிறோம். மேலிருந்து பார்ப்பது பிளான். சென்டர் லைனை ஒரு கயிறுபோல இழுத்து நேராக்கி, ஏற்ற இறக்கத்தை மட்டும் காட்டுவது எல்-செக்‌ஷன். குறுக்கே வெட்டிக் காட்டுவது கிராஸ் செக்‌ஷன். எல்-செக்‌ஷனில் நீளவாக்கில் 1:2500, உயரவாக்கில் 1:250 என்று அளவுகோல் வைப்பது வழக்கம், அதாவது மேடுபள்ளம் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். அப்படி வரையாவிட்டால் மெல்லிய சாய்வுகள் கண்ணுக்கே படாது. பிளான் பார்ப்பவர் வளைவைச் சரி செய்வார். எல்-செக்‌ஷன் பார்ப்பவர் ஏற்றத்தைச் சரி செய்வார். வண்டி ஓட்டுபவரோ இரண்டையும் ஒரே நேரத்தில், தரையிலிருந்து ஒரு மீட்டர் சொச்ச உயரத்தில் உட்கார்ந்துகொண்டு பார்க்கிறார். அவர் பார்ப்பதை அந்த மூன்று வரைபடங்களில் எதுவும் காட்டாது.

ஒரு உதாரணம். சில வருடங்களுக்கு முன் ஒரு புறவழிச்சாலையின் வரைபடங்களைச் சரிபார்க்கும் வேலை வந்தது. பழைய சாலை ஒரு வாய்க்கால் பாலத்தில் லேசாக ஏறி இறங்கும். இறங்கியதும் புதிய பைபாஸ் வலது பக்கமாக வளைந்து பிரியும். பழைய சாலை நேராக ஊருக்குள் போகும். அளவுகளில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்துக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் (நம் நாட்டுச் சாலைகளுக்கு அளவு விதிகள் வகுக்கும் அமைப்பு) கேட்கும் 180 மீட்டர் பார்வைத் தூரம் இருந்தது. ஓட்டுநருக்குச் சுதாரிக்க இரண்டரை வினாடி, மீதி பிரேக் பிடித்து நிற்க ஆகும் தூரம் என்று கணக்கிட்டு வைத்த எண் அது. வளைவின் ஆரமும் போதுமானது. கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கலாம்.

மாடலைத் திறந்து கேமராவை 1.2 மீட்டர் உயரத்தில் வைத்தேன். ஓட்டுநரின் கண் உயரம் என்று நம் விதிகள் எடுத்துக்கொள்வது அதைத்தான். சர்வேயில் வந்திருந்த மரங்களையும் கம்பங்களையும் அவற்றின் இடத்தில் நிறுத்தி, பாலத்தை நோக்கி மெதுவாக நகர்த்தினேன். பாலத்தின் மேட்டுக்கு அந்தப் பக்கம் சாலையே தெரியவில்லை. தெரிந்தது மேட்டுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த இரண்டு வரிசைப் புளியமரங்களின் தலைகள். பழைய சாலையின் மரங்கள் அவை, அம்புபோல நேராகப் போயின. அந்தப் பக்கம் புதிதாக வருகிற எவரும், ராத்திரியில் முக்கியமாக, மரங்கள் காட்டுகிற திசையில்தான் சாலை போகிறது என்று நினைப்பார். மேட்டில் ஏறிய பிறகுதான் சாலை வலப்பக்கம் திரும்புவது தெரியும். 100 கிலோமீட்டர் வேகத்தில் 180 மீட்டரைக் கடக்க ஆறரை வினாடிதான் ஆகும். மனதில் ஏற்கெனவே நேராகப் போய்க்கொண்டிருப்பவருக்கு அது போதாது.

பிறகு வளைவின் ஆரம்பத்தை மேட்டுக்கு முன்னாலேயே கொண்டுவந்தோம். வளைவு தொடங்குவது தெரிந்த பிறகே மேடு வரும். வளைவின் வெளிப்பக்கத்தில் புதிதாக மரங்கள் நடுவதையும் சேர்த்தோம், பழைய வரிசை தரும் சைகையை அவை மறைக்கும் என்பதற்காக. புளியமரங்கள் ஒன்றைக்கூட வெட்டவில்லை. இந்தக் கோளாறை எந்த அட்டவணையும் காட்டியிருக்காது. மாடலில் மரங்களை நிறுத்தாமல் சாலையை மட்டும் வைத்து ஓட்டியிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

அப்புறம் சில பயன்கள் இருக்கின்றன, அவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பாலத்தின் தூணும் நிலத்தடிக் குடிநீர்க் குழாயும் ஒரே இடத்தில் மோதுகின்றனவா என்று மாடலிலேயே பார்த்துவிடலாம். கட்டும் வரிசையை மாதவாரியாக ஓட்டிப் பார்த்து, எந்த மாதம் போக்குவரத்தை எங்கே திருப்புவது என்று முடிவு செய்யலாம். நார்வேயில் 634 மீட்டர் நீளமுள்ள ரான்ட்செல்வா பாலத்தைக் காகித வரைபடமே இல்லாமல் மாடலை மட்டும் வைத்துக் கட்டினார்கள். கம்பி கட்டுபவர்கள் திரையைப் பார்த்துக் கம்பி கட்டினார்கள்.

ஓட்டுநரையே உள்ளே உட்கார வைத்துச் சோதிப்பதும் உண்டு. அமெரிக்காவில் ஒரு வகைச் சந்திப்பை அறிமுகப்படுத்த நினைத்தார்கள். விரைவுச்சாலையைக் கடக்கும் சாலையில் வருகிற வண்டிகள், பாலத்துக்கு முன் ஒரு சிக்னலில் குறுக்காகக் கடந்து சாலையின் எதிர்ப்பக்கத்துக்குப் போய்விடும். பாலம் தாண்டியதும் இன்னொரு சிக்னலில் பழையபடி தங்கள் பக்கத்துக்கு வந்துவிடும். நடுவில் கொஞ்ச தூரம் 'தப்பான' பக்கத்தில் ஓட்டுவதால், இடது பக்கம் திரும்பி விரைவுச்சாலையில் ஏற வேண்டியவர்கள் எதிரே வரும் வண்டிகளுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை (அங்கே வலப்பக்கம் ஓட்டுகிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள்). காகிதத்தில் கணக்கு அருமையாக வருகிறது. ஆனால் ஓட்டுகிறவர் பயந்து குழம்பினால்? வர்ஜீனியாவில் உள்ள மத்திய நெடுஞ்சாலை நிர்வாகத்தின் டர்னர்-ஃபேர்பேங்க் ஆய்வு மையத்தில் ஒரு ஓட்டுநர் சிமுலேட்டர் இருக்கிறது. கட்டுவதற்கு முன்பே அந்தச் சந்திப்பை அதில் உருவாக்கி, சாதாரண ஓட்டுநர்களை அழைத்து ஓட்டச் சொன்னார்கள். மக்கள் குழம்பி எதிர்வண்டியில் மோதுவார்கள் என்ற பயத்துக்கு அங்கே ஆதாரம் கிடைக்கவில்லை. 2009 ஜூனில் மிசூரி மாநிலத்தின் ஸ்ப்ரிங்ஃபீல்டில் இந்த வகையில் அமெரிக்காவின் முதல் சந்திப்பு திறந்தது. இன்று அந்த நாட்டில் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன.

உங்கள் கேள்வியின் இரண்டாவது பாதிக்கு, அதாவது மக்களிடம் காட்டுவதற்கு, எனக்குத் தெரிந்தவற்றில் அதிகம் கற்றுக்கொடுத்தது அமெரிக்காவின் சியாட்டில் நகரத்தின் கதை.

அங்கே கடற்கரையை ஒட்டி அலாஸ்கன் வே வயடக்ட் என்று இரண்டு அடுக்கு உயர்மட்டச் சாலை ஒன்று இருந்தது. 1953-ல் திறந்தது. தினமும் ஏறத்தாழ ஒரு லட்சம் வண்டிகள் அதில் போயின. 2001 பிப்ரவரி 28 அன்று வந்த 6.8 அளவுள்ள நிஸ்குவாலி நிலநடுக்கத்தில் அது அடிபட்டது. ஒட்டுப்போட்டு மறுபடியும் திறந்தார்கள். ஆனால் அதே மாதிரியான இரண்டு அடுக்குச் சாலை ஒன்று 1989-ல் கலிபோர்னியாவின் ஓக்லாண்டில் நிலநடுக்கத்தில் இடிந்து 42 பேர் இறந்ததைப் பொறியாளர்கள் மறக்கவில்லை. இதையும் இடிக்க வேண்டும் என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அந்த இடத்தில் என்ன கட்டுவது என்பதில்தான் ஊர் பல வருடம் சண்டை போட்டது. 2007 மார்ச்சில் ஒரு கருத்து வாக்கெடுப்பு வைத்தார்கள். புதிய உயர்மட்டச் சாலை வேண்டுமா? வேண்டாம். சுரங்கச் சாலை வேண்டுமா? அதுவும் வேண்டாம்!

2009-ன் தொடக்கத்தில் ஆளுநரும் மேயரும் மாவட்டத் தலைவரும் சேர்ந்து ஆழ்துளைச் சுரங்கம்தான் என்று முடிவெடுத்தார்கள். அந்த அக்டோபரில், மேயர் தேர்தலுக்குச் சில நாட்கள் இருக்கும்போது, மாநிலப் போக்குவரத்துத் துறையின் ஒரு கணினிக் காணொளி வெளியே வந்தது. பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்தால் என்ன ஆகும் என்ற காட்சி. சாலை பகுதி பகுதியாக இடிந்து விழுகிறது, கடல் தடுப்புச் சுவரும் அதன் பின்னால் இருக்கும் மண்ணும் கடலை நோக்கி நழுவுகின்றன. அது கற்பனையாக வரைந்த படமில்லை, பொறியாளர்களின் ஆய்வை வைத்துச் செய்தது. எட்டு வருடமாக அறிக்கைகள் எழுதிச் சொன்ன விஷயம் சில நிமிடத்தில் ஊருக்கே புரிந்தது. கூடவே இன்னொரு குரலும் எழுந்தது: தேர்தல் நேரத்தில் இதைக் காட்டி எங்களைப் பயமுறுத்துகிறீர்களா?

இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். காட்சி உண்மையானது. ஆனால் ஒரு படம் எப்போது வெளிவருகிறது என்பதும் மக்கள் அதைப் புரிந்துகொள்ளும் விதத்தை மாற்றிவிடுகிறது. நான் அந்தத் துறையில் இருந்திருந்தால், தயாரான அன்றே, யாரும் கேட்காமலே, ஆய்வறிக்கையோடு சேர்த்து வெளியிட்டிருக்க வேண்டும் என்று வாதாடியிருப்பேன். அப்படி வந்திருந்தால் அதைப் பயமுறுத்தல் என்று சொல்ல யாருக்கும் இடமிருந்திருக்காது.

2011 ஆகஸ்டில் நடந்த இன்னொரு வாக்கெடுப்பில் சுமார் 58 சதவீதம் பேர் சுரங்கத்துக்கு ஆதரவாக வாக்களித்தார்கள். அதன் பிறகு நடந்தது எந்த அழகுக் காணொளியிலும் இல்லாதது. 17.5 மீட்டர் விட்டமுள்ள பெர்த்தா என்ற ராட்சதத் துளைப்பு இயந்திரம் 2013 ஜூலையில் புறப்பட்டு, டிசம்பரில், சுமார் 300 மீட்டர் மட்டுமே தோண்டிய நிலையில் நின்றுவிட்டது. அதன் முகப்பைப் பழுதுபார்க்க மேலிருந்து தனியாக ஒரு பெரிய குழி தோண்டினார்கள். வேலை மறுபடி தொடங்க 2015 டிசம்பர் ஆனது. அந்த வருட முடிவில் திறந்துவிட வேண்டும் என்று திட்டமிட்டிருந்த சுரங்கம் 2019 பிப்ரவரி 4 அன்று திறந்தது. நிலநடுக்கத்தைப் படமாக்க முடிந்தவர்களுக்கு, சாலை தயாரான பிறகு அது எப்படி இருக்கும் என்பதைப் படமாக்க முடிந்தவர்களுக்கு, இடையில் பல வருடம் பள்ளத்தைச் சுற்றி நடக்கப்போகிறோம் என்பதைப் படமாக்க வழியில்லை. உங்கள் ஊர் வீடியோவிலும் இது இருக்காது. அது காட்டுவது திறப்புவிழா நாளை. கட்டி முடிக்கும்வரை லாரிகள் எந்தத் தெரு வழியாகப் போகும், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் எந்தப் பக்கம் சுற்றிப் போவார்கள் என்பதைத் தனியாகத்தான் கேட்க வேண்டும்.

இப்போது நம் ஊர்க் கூட்டங்களுக்கு வருகிறேன்.

ஒரு கூட்டத்தில் நானே வடிவமைப்பாளராக நின்றிருந்தேன். சுவரில் பிளானை ஒட்டியிருந்தோம். எட்டடி நீளத் தாள், சிவப்புக் கோடு, பச்சைக் கோடு, சர்வே எண்கள். முன்வரிசையில் இருந்த ஒரு பெரியம்மா எழுந்து வந்து, தன் சர்வே எண்ணைக் கண்டுபிடித்துத் தரச் சொன்னார். காட்டினேன். அவர் வீடு சாலைக்கு எடுக்கும் நிலத்தில் வரவில்லை. எல்லைக்கு வெளியே பத்து மீட்டர் தள்ளி இருந்தது. "உங்க வீட்டுக்கு ஒண்ணும் ஆகாதும்மா" என்றேன். நிம்மதியாக உட்கார்ந்துவிட்டார்.

நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் உண்மையும் இல்லை. அன்று சாயங்காலம் அறைக்குத் திரும்பி அந்த இடத்தின் லெவலைப் பார்த்தேன். பக்கத்தில் வாகனங்கள் போக ஒரு அண்டர்பாஸ் வருகிறது. லாரி போக 5.5 மீட்டர் இடைவெளி வேண்டும், அதற்கு மேல் உத்திரமும் தளமும் சேர்த்து ஒன்றரை மீட்டர். ஆகவே அண்டர்பாஸின் மேல் சாலை தரையிலிருந்து 7 மீட்டர் உயரத்தில் இருக்கும். 40-க்கு 1 என்ற சாய்வில் அது தரைக்கு இறங்கக் குறைந்தது 280 மீட்டர் ஆகும். அந்த 280 மீட்டருக்கும் இருபுறமும் செங்குத்தான ஆர்.இ. சுவர், அதாவது உள்ளே நிரப்பும் மண்ணைப் பட்டைகளால் பிடித்து நிறுத்தும் கான்கிரீட் பலகைச் சுவர். பெரியம்மாவின் வீடு அண்டர்பாஸிலிருந்து 100 மீட்டர் தள்ளி. கணக்குப் போட்டால் அவர் வாசலுக்கு எதிரே 4.5 மீட்டர் உயரச் சுவர், ஏறத்தாழ ஒன்றரை மாடி. பிளானில் அந்தச் சுவர் என்னவாக இருந்தது தெரியுமா? இரண்டு மெல்லிய கோடு. வயல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்த வாசல் இனி கான்கிரீட் பலகைகளைப் பார்க்கும். சூரியன் 20 டிகிரி உயரத்துக்கு இறங்கும்போது 4.5 மீட்டர் சுவரின் நிழல் 12 மீட்டருக்கு மேல் நீளும். சுவர் மேற்குப் பக்கம் இருந்தால் முற்றத்தில் காயப்போட்ட நெல்லுக்குச் சாயங்கால வெயில் கிடையாது.

இதை மாடலில் வைத்து, அவர் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்குத் தெரிவதைப் படமாக்கினேன். அடுத்த முறை போகும்போது அச்சிட்டு எடுத்துப் போய் அவரிடமே கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்தார். முதலில் கேட்டது, "அந்தப் பக்கம் இருக்கற என் கொல்லைக்கு எப்படித் தம்பி போறது?" வடிவமைப்பில் நாங்கள் யாருமே அதை யோசிக்கவில்லை. பிளானில் அவர் வீடு ஒரு சர்வே எண்ணாகவும் கொல்லை வேறொரு சர்வே எண்ணாகவும் இருந்தன, இரண்டும் ஒருவருடையவை என்பதோ, நடுவில் ஒரு தினசரி நடை இருக்கிறது என்பதோ கோட்டில் தெரியாது. அதே படத்தைப் பார்த்த இன்னும் சில வீட்டுக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் ஆட்களும் மாடுகளும் போகும் ஒரு சின்ன அண்டர்பாஸ் சேர்ந்தது. சுவர் அப்படியே வந்தது, அதை மாற்ற முடியவில்லை. ஆனால் அது வருகிறது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், மேலே பறந்து போகும் காட்சியால் ஊர்க்காரருக்குப் பிரயோஜனம் குறைவு. வானத்திலிருந்து பார்த்தால் ஏழு மீட்டர் சுவரும் தட்டையாகத்தான் தெரியும். நீங்கள் பார்த்த மூன்று நிமிடத்தில் எத்தனை வினாடி கேமரா தரையில் இருந்தது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

தரையில் நின்று எடுத்த படத்திலும் கவனிக்க வேண்டியவை உண்டு. முதலில் லென்ஸ். அகலக் கோணம் வைத்தால் எல்லாம் சின்னதாகவும் தூரமாகவும் தெரியும், சுவரும் அடங்கிப்போகும். பிரிட்டனில் நிலத்தோற்ற வல்லுநர்களின் அமைப்பான லேண்ட்ஸ்கேப் இன்ஸ்டிட்யூட் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டு முறையில், ஃபுல் ஃப்ரேம் கேமராவில் 50 மில்லிமீட்டர் லென்ஸை அடிப்படையாக வைத்திருக்கிறார்கள். எங்கே நின்று, எந்த உயரத்தில் எடுத்தது என்பதையும் படத்தோடு பதிய வேண்டும். நம் ஊரில் இப்படி ஒரு பழக்கம் வரவேண்டும் என்று நான் பல வருடமாகச் சொல்லி வருகிறேன்.

அடுத்தது மரங்கள். திறப்பு நாள் காட்சி என்று போட்டுவிட்டு, இருபது வருடம் வளர்ந்த வேப்பமரங்களை இருபுறமும் நிறுத்தியிருப்பார்கள். அன்று நிஜமாக இருக்கப்போவது மூங்கில் கூண்டுக்குள் இடுப்பளவுக் கன்று. இங்கிலாந்தில் திறக்கும் வருடத்துக் குளிர்காலத்தில் எப்படித் தெரியும், 15 வருடம் கழித்துக் கோடையில் எப்படித் தெரியும் என்று இரண்டு நிலையையும் பார்ப்பார்கள். நாமும் "இது எந்த வருடக் காட்சி?" என்று ஒரே கேள்வி கேட்டால் போதும்.

போக்குவரத்தும் அப்படித்தான். வீடியோவில் கார்கள் ஒழுங்காக ஒரே இடைவெளியில் லேன் மாறாமல் போகும். அவை அலங்காரத்துக்கு விட்ட கார்களா, சிமுலேஷனில், அதாவது போக்குவரத்தைக் கணினியில் ஓட்டிப் பார்க்கும் கணக்கில், வந்த வண்டிகளா என்று கேளுங்கள். ஜெர்மனியில் உருவான விஸ்ஸிம் போன்ற மென்பொருட்களில் நல்ல சிமுலேஷன் செய்யலாம். ஆனால் லேன் பிடித்து ஓட்டும் நாட்டுப் பழக்கத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஓட்டினால் நம் ஊருக்குப் பொருந்தாது. இரண்டு பஸ்ஸுக்கு நடுவே நுழையும் டூவீலர், ஷேர் ஆட்டோ, சர்வீஸ் ரோட்டில் எதிர்ப்பக்கமாக வரும் டிராக்டர் எல்லாவற்றையும் உள்ளூரில் எண்ணி, அவற்றின் நடத்தையை மென்பொருளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். செய்திருந்தால் வடிவமைப்பாளர் அதைப் பெருமையாகவே சொல்வார்.

எனக்கு எல்லாவற்றையும்விடக் கவலை தருவது தண்ணீர்தான். இலவசமாகக் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவின்மேல் செய்த படங்களில் உயரம் பல மீட்டர் பிசகலாம். மலைப்பாதைக்கு ஒரு ஆரம்ப யோசனை சொல்ல அது போதும். ஏரிப்பாசன ஊருக்கு உதவவே உதவாது. அரை மீட்டர் வித்தியாசத்தில் ஒரு தெரு மூழ்கும், அடுத்த தெரு தப்பிக்கும். வீடியோவில் ஏரி எப்போதும் நீலமாக, அலையில்லாமல், கரைக்குள்ளேயே இருக்கும். சாலைக் கரை என்பது வயலின் நடுவே போடும் ஒரு நீண்ட அணை. அதற்கு அந்தப் பக்கம் போக வேண்டிய மழைநீர் எத்தனை கல்வெர்ட் (சாலைக்கு அடியில் தண்ணீர் போகும் சிறுபாலம்) வழியாகப் போகும், உங்கள் ஊர் பார்த்த உயர்ந்தபட்ச வெள்ள மட்டம் மாடலில் எந்த லெவலில் குறிக்கப்பட்டிருக்கிறது என்று கேட்டே ஆகவேண்டும். ஊரில் பெரியவர்களைக் கூட்டிப் போய், எந்த வருட வெள்ளம் எந்த வீட்டுப் படி வரைக்கும் வந்தது என்று காட்டச் சொல்லுங்கள். அந்தப் படியின் லெவலை சர்வே ஆட்களால் ஐந்து நிமிடத்தில் எடுக்க முடியும்.

சரி, எப்படிக் கேட்பது? உங்களுடையது தேசிய நெடுஞ்சாலை என்றால், நிலம் எடுக்க 1956-ஆம் வருட தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3ஏ அறிவிக்கை அரசிதழில் வந்த நாளிலிருந்து 21 நாட்களுக்குள் 3சி பிரிவின்கீழ் எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம். அதிகாரி உங்களை நேரில் கேட்டாக வேண்டும். மாநில நெடுஞ்சாலை என்றால் தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001, நடைமுறை வேறு. சுற்றுச்சூழல் அனுமதி தேவைப்படும் திட்டமாக இருந்தால், 2006-ஆம் வருட சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி கருத்துக்கேட்புக் கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பும், உள்ளூர் மொழியில் சுருக்க அறிக்கையும் தர வேண்டும். வீடியோ தர வேண்டும் என்று இவற்றில் எதுவும் சொல்லவில்லை, ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும். பொத்தாம்பொதுவாகக் கேட்டால் பொத்தாம்பொதுவாகத்தான் பதில் வரும். இப்படி எழுதுங்கள்: "சர்வே எண் இன்னது, செயினேஜ் இன்னது, என் வாசலில் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் நின்று சாலையைப் பார்த்தால் தெரியும் காட்சியும், அந்த இடத்தின் கிராஸ் செக்‌ஷனும் வேண்டும்." செயினேஜ் என்பது சாலையின் தொடக்கத்திலிருந்து அந்த இடம் எவ்வளவு தூரம் என்ற எண். மாடல் நிஜமாக இருந்தால் ஒரு ஆளுக்கு அரை நாள் வேலை. மாதக்கணக்கில் முடியவில்லை என்றால், அன்று ஓடிய வீடியோ மாடலிலிருந்து வந்ததா என்று நீங்கள் சந்தேகப்படலாம்.

படம் வரும்வரை சும்மா இருக்கவும் வேண்டாம். சுவிட்சர்லாந்தில் ஒரு கட்டடம் கட்ட அனுமதி கேட்டால், அதன் உயரமும் விளிம்பும் தெரியும்படி அந்த இடத்திலேயே கம்புகளை நட்டு வைக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் கண்ணால் பார்த்துவிட்டு ஆட்சேபம் சொல்வார்கள். அதை நீங்களும் செய்யலாம். சர்வே கல் நட்ட இடத்துக்குப் பக்கத்தில் ஒரு நீள மூங்கிலை நிறுத்தி, கிராஸ் செக்‌ஷனில் சொன்ன உயரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுங்கள். ஐம்பது மீட்டர் தள்ளி இன்னொன்று, அதற்கடுத்து இன்னொன்று. துணிக்குத் துணி ஒரு கயிறு இழுத்துவிட்டால் சாலை எந்த உயரத்தில் எப்படிப் போகிறது என்று தெருவுக்கே தெரியும். கூட்டத்துக்கு வரும் பொறியாளரை முதலில் அங்கே கூட்டிக்கொண்டு போய், உங்கள் வாசலில் நிற்க வையுங்கள்.